வெற்றுரை நெறிமுறைகளும் தானியக்கக் கருவிகளும்

கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதை 0, 1 என்ற இலக்கங்களின் ஓட்டமாகவே நம்மில் பலர் கற்பனை செய்கிறோம். அது தவறன்று. ஆயினும், அந்த இலக்கங்களை எழுத்துகளாக மாற்றிப் பார்த்தால், இணையத்தின் பழைய உரையாடல்கள் பல ஆங்கிலம் அறிந்த எவரும் வாசித்துப் புரிந்துகொள்ளக்கூடிய சாதாரண வரிகளாகவே இருக்கக் காணலாம்.

சர்வர் என்று நாம் அன்றாடம் அழைக்கும் வழங்கிகளுள் மின்னஞ்சல் வழங்கியை எடுத்துக்கொள்வோம். அதன் 25ஆம் எண் போர்ட்டைத் தட்டினால், அது முதலில் 220 என்ற எண்ணோடு தன் பெயரைச் சொல்லும். வந்தவர் 'ஹெலோ' என்று தம் பெயரைச் சொல்லவேண்டும். (ஆங்கிலத்தில் நான்கே எழுத்துகள், ஓர் 'எல்' குறைவு.) வழங்கி 250 என்று தலையாட்டும். அடுத்து அனுப்புநர் யார், பெறுநர் யார் என்று இரண்டு வரிகள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு 250. பிறகு 'டேட்டா' என்றால் 354 என்று பதில் வரும்: 'கடிதத்தைச் சொல், முடிந்ததும் தனி வரியில் ஒரு புள்ளி வை' என்பது அதன் பொருள். புள்ளி வைத்ததும் மீண்டும் 250. கடிதம் ஏற்கப்பட்டுவிட்டது. அஞ்சலக முகப்பில் நடப்பது போன்ற இந்த உரையாடலை 1982ஆம் ஆண்டு ஆர்எஃப்சி 821 என்ற ஆவணத்தில் ஜான் போஸ்டல் வகுத்தார். அடுத்த ஆண்டே அவரும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் சேர்ந்து ஆர்எஃப்சி 854இல் டெல்நெட் நெறிமுறையை வரையறுத்தனர். தொலைவில் உள்ள கணினியின் முன் அமர்ந்திருப்பதைப் போலவே தட்டச்சு செய்ய வழிவகுத்தது அது.

இவ்வாறு எழுத்துகளாகவே பேசும் நெறிமுறைகளைத்தான் இக்கட்டுரையில் வெற்றுரை நெறிமுறைகள் என்று குறிப்பிடுகிறேன். ஒரு மனிதர் விசைப்பலகையில் தட்டியே அவற்றைச் சோதித்துவிடலாம். மின்னஞ்சல் எங்கோ சிக்கிக்கொண்டால், பொறியாளர் ஒருவர் இன்றும் வழங்கியோடு நேரடியாகப் பேசி, எந்த வரியில் அது முரண்டு பிடிக்கிறது என்று பார்த்துவிட முடிகிறது. எச்டிடிபியும் இந்த வழியில் பிறந்ததே. 2015இல் வெளிவந்த அதன் இரண்டாம் பதிப்புதான் இரும எண்களுக்கு மாறியது.

இந்தக் கட்டுரையின் கேள்வி வேறு. மனிதர் வாசிப்பதற்கென எழுந்த இந்த மொழியை, மனிதர் இல்லாத இடத்தில் ஒரு தானியக்கக் கருவி எவ்வாறு பேசும்? அதைவிட முக்கியமாக, இன்னமும் ஏன் பேசவேண்டும்?

ஏன் இன்னமும்?

நூறு வழங்கிகளை ஒருவர் தனித்தனியே தட்டச்சு செய்து பராமரிப்பது இயலாத காரியம். எனவே, 1993இல் ஓஸ்லோவில் மார்க் பர்ஜஸ் தொடங்கிய சிஎஃப்எஞ்சின், 2005இல் வந்த பப்பெட், 2012இல் வந்த ஆன்சிபிள் எனத் தானியக்கக் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக உருவாயின. வழங்கி எந்த நிலையில் இருக்கவேண்டும் என்பதை ஒரு கோப்பில் எழுதிவிட்டால், கருவி அந்த நிலைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஆன்சிபிள் இதற்குப் பொதுவாக எஸ்எஸ்எச் என்ற மறைகுறியாக்க வழியைப் பயன்படுத்துகிறது.

அந்த எஸ்எஸ்எச் பிறந்த கதையே வெற்றுரையின் ஆபத்தைச் சொல்லும். 1995இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஒருவர் ஒட்டுக்கேட்கும் நிரலை நுழைத்துக் கடவுச்சொற்களைத் திரட்டினார். அங்கிருந்த தாத்து யூலோனன் அதற்கு விடையாக எஸ்எஸ்எச்சை எழுதினார். எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23. இடையில் காலியாக இருந்த 22ஆம் போர்ட் இதற்குக் கிடைத்தது.

டெல்நெட்டில் கடவுச்சொல் தபால் அட்டையில் எழுதியதைப் போலச் செல்கிறது. வழியில் நிற்பவர் எவரும் வாசிக்கலாம். 2016இல் மிராய் என்ற தீநிரல் 23, 2323 ஆகிய போர்ட்களைத் தட்டித் தட்டி, தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் வீட்டு ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அறுபதுக்குச் சற்று அதிகமான பெயர், கடவுச்சொல் இணைகள் மட்டுமே அதனிடம் இருந்தன. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் டின் நிறுவனத்தின் பெயர்ச்சேவையை அது முடக்கியதில் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கு எட்டாமல் போயின.

அப்படியானால் கருவிகளிலிருந்து டெல்நெட்டை அறவே நீக்கிவிடலாமே என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தரவு மையங்களிலும் தொழிற்சாலைகளிலும் பணிபுரியும் நம் முன்னாள் மாணவர்களைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார்கள். பதினைந்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் சுவிட்ச், மின்காப்புக் கருவியின் கட்டுப்பாட்டு அட்டை, கன்சோல் கேபிள்களை வலையமைப்போடு இணைக்கும் பெட்டி என்று வெற்றுரை மட்டுமே பேசும் சாதனங்கள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. பெட்டியிலிருந்து எடுத்த புதுச் சாதனத்திலும் சில வேளைகளில் டெல்நெட் மட்டுமே திறந்திருக்கும்.

இந்தச் சாதனங்களில் டெல்நெட்டை மூடவேண்டுமென்றால், முதலில் டெல்நெட் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். ஆன்சிபிளில் டெல்நெட்டுக்கென ஒரு கூறு உண்டு. டெல்நெட் மட்டுமே திறந்திருக்கும் சாதனங்களில் எஸ்எஸ்எச்சை இயக்கிவைப்பதற்கே அது பெரும்பாலும் பயன்படும் என்று அதன் விளக்கக் குறிப்பே சொல்கிறது. பைத்தனுக்கான நெட்மிக்கோ நூலகமும் இதே காரணத்தால் டெல்நெட்டை ஆதரிக்கிறது. நூறு பழைய சுவிட்சுகளைக் கையால் மாற்ற எவரும் முன்வரமாட்டார்கள். கருவி மாற்றாவிட்டால் அவை அப்படியே கிடக்கும் என்பதே நடைமுறை உண்மை.

பேசி முடித்துவிட்டதா?

வெற்றுரையை ஆதரிப்பது எளிது என்றே முதலில் தோன்றும். இணைப்பைத் திற, வரியை அனுப்பு, பதிலை வாசி, அவ்வளவுதானே! ஆனால் பதில் எங்கே முடிகிறது? மனிதக் கண் திரையைப் பார்த்ததும் அறிந்துகொள்ளும். நிரலுக்கு அந்தக் கண் இல்லை.

எஸ்எம்டிபியை வகுத்தவர்கள் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தார்கள். அதில் வரும் 250, 354 போன்ற எண்கள் இயந்திரத்துக்கு. அவற்றின் பின்னே வரும் சொற்கள் மனிதருக்கு. முதல் இலக்கம் 2 என்றால் வெற்றி, 4 என்றால் பிறகு முயல்க, 5 என்றால் மறுப்பு. சொற்களை எப்படி மாற்றி எழுதினாலும் எண் மாறாது. என் கணிப்பில், வெற்றுரை நெறிமுறைகளின் ஆகச் சிறந்த யோசனை இதுதான். டெல்நெட் வழியாக நாம் அடையும் ரவுட்டரின் கட்டளைத் திரைக்கு இந்த எண்கள் கிடையாது. கட்டளை தவறென்றால் சிஸ்கோ சாதனம் ஒரு சதவீதக் குறியிட்டு, தவறான உள்ளீடு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதும். வென்றால் பெரும்பாலும் எதுவும் சொல்லாது. ஆகவே கட்டளை நிறைவேறியதா என்று அறிய ஒரே வழி, அமைவை மறுபடியும் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். இதைச் செய்யாத தானியக்கத்தைத் தானியக்கம் என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை.

பதிலின் முடிவை அறிய நிரல்கள் பிராம்ப்ட் எனப்படும் அடையாளத்தையே நம்புகின்றன. சாதனத்தின் பெயரும் அதன் ஈற்றில் ஒரு கட்டக்குறியும் வந்தால் 'சொல்லி முடித்தேன், அடுத்து நீ சொல்' என்று பொருள். இந்த உத்தியைப் பரவலாக்கியவர் அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்பக் கழகத்தில் பணிபுரிந்த டான் லைப்ஸ். 1990இல் அவர் வெளியிட்ட எக்ஸ்பெக்ட் என்ற நிரலின் பெயரிலேயே அதன் வேலை அடங்கியுள்ளது: இந்த வரியை எதிர்பார், வந்தால் இதை அனுப்பு. இன்றைய கருவிகளின் டெல்நெட் ஆதரவு எல்லாம் அடிப்படையில் அதே எதிர்பார்ப்பும் அனுப்புதலும்தான்.

எதிர்பார்ப்பு எங்கெல்லாம் ஏமாறும் என்பதைப் பாருங்கள். வரவேற்புச் செய்தியை அழகுபடுத்த யாரோ கட்டக்குறிகளால் எல்லைக்கோடு வரைந்திருப்பார். நிரல் அதையே பிராம்ப்ட் என்று எண்ணிப் பேசத் தொடங்கிவிடும். அமைவு நீளமாக இருந்தால் சாதனம் ஒரு பக்கத்தைக் காட்டிவிட்டு 'மேலும்' என்று நின்றுவிடும். மனிதர் இடைவெளி விசையைத் தட்டுவார், நிரலோ வராத பிராம்ப்டுக்காகக் காத்துக் கிடக்கும். அதனால்தான் நெட்மிக்கோ உள்ளே நுழைந்ததும் திரை நீளத்தைச் சுழியமாக்கச் சொல்லிப் பக்கம் பிரிப்பதை நிறுத்துகிறது. சாதனத்தின் பெயரை மாற்றும் கட்டளையை அனுப்பினால், அடுத்த வரியிலேயே பிராம்ப்டும் மாறிவிடும்! பழைய பெயரைத் தேடும் நிரலுக்கு அதன்பின் எதுவும் கேட்காது. பிராம்ப்டைத் தேடாமல் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஐந்து விநாடி உறங்கும் நிரல்களையும் காண்கிறோம். சாதனம் சுறுசுறுப்பாக இருக்கும் நாள்களில் அவை சரியாகவே ஓடும்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள்

டெல்நெட் முழுக்க முழுக்க வெற்றுரையும் அன்று. 255 என்ற மதிப்புள்ள பைட் வந்தால், அடுத்து வருவது உரையல்ல, கட்டளை என்று பொருள். 'இதைச் செய்கிறாயா', 'செய்யமாட்டேன்' என்று இரு முனைகளும் 251 முதல் 254 வரையான எண்களால் பேரம் பேசிக்கொள்ளும். இதை அறியாமல் வெறும் இணைப்பைத் திறந்து காத்திருக்கும் நிரலுக்குப் புரியாத குறிகள் வந்து விழும். சில சாதனங்கள் பதில் கிடைக்கும்வரை உள்நுழைவுப் பெயரையே கேட்பதில்லை.

இங்கே தமிழுக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. டெல்நெட்டின் அடிப்படை எழுத்துத் தொகுதி 7 பிட் ஆஸ்கி. தமிழுக்கு அதில் இடமில்லை. நாம் இன்று பயன்படுத்தும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்களை எடுத்துக்கொள்ளும். 'அம்மா' என்றால் பதினைந்து பைட்கள். நல்வாய்ப்பாக, யூடிஎஃப்-8இல் 255 என்ற பைட் எக்காலத்தும் வராது. எனவே தமிழ் உரை டெல்நெட் கட்டளையோடு மோதுவதில்லை. ஆனால் பெயர்களில் கவனம் தேவை. சிங்கப்பூருக்குரிய இணையப் பெயர்களுள் '.சிங்கப்பூர்' என்பதும் ஒன்று. எனினும் எச்டிடிபி உரையாடலில் அது ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த மாற்றுருவிலேயே செல்கிறது. பதிலில் தமிழ்ப் பெயரைத் தேடும் நிரல் அதைக் காணாமல் திரும்பும்.

வரி முடிவு இன்னும் சிக்கலானது. பழைய தட்டச்சுப் பொறியில் உருளையை வலப்பக்கம் தள்ளுவது ஒரு செயல், தாளை ஒரு வரி உயர்த்துவது இன்னொரு செயல். வெற்றுரை நெறிமுறைகளிலும் வரி முடிவு இரண்டு குறிகள் சேர்ந்ததே. யூனிக்ஸ் வகைக் கணினிகளோ ஒற்றைக் குறியோடு நிறுத்திக்கொள்கின்றன. சிறு வேறுபாடுதானே என்று விட்டுவிடுவதற்கில்லை. 2023 டிசம்பரில் எஸ்இசி கன்சல்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட கண்டுபிடிப்பைப் பாருங்கள்: கடிதத்தின் முடிவைக் குறிக்கும் அந்தத் தனிப்புள்ளியின் இருபுறமும் உள்ள வரி முடிவுகளை ஒரு வழங்கி கறாராகவும் இன்னொன்று தாராளமாகவும் வாசித்தால், ஒரே கடிதத்துக்குள் இரண்டாவது கடிதத்தை ஒளித்துக் கடத்தலாம். அந்த இரண்டாவது கடிதம் பிறர் பெயரில் வந்து சேரும். போஸ்ட்ஃபிக்ஸ், செண்ட்மெயில், எக்ஸிம் ஆகிய மூன்றும் திருத்தம் வெளியிட நேர்ந்தது.

எழுத்தாகப் பேசுவதால் வரும் வேறொரு வினோதம், ஒரு நெறிமுறையின் வரிகளை இன்னொன்று தன் கட்டளையாக வாசித்துவிடுவது. ரெடிஸ் தரவுத்தளமும் வரி வரியாகவே பேசும். புரியாத வரிக்குப் பிழை சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ஆகவே தீய வலைப்பக்கம் ஒன்று உங்கள் உலாவியைத் தூண்டி ரெடிஸுக்கு ஒரு எச்டிடிபி கோரிக்கையை அனுப்பச் செய்தால், தலைப்பு வரிகளையெல்லாம் பிழை என்று தள்ளிவிட்டு, உள்ளே மறைந்துள்ள ரெடிஸ் கட்டளையை நிறைவேற்றிவிடும். இதைத் தடுக்க, 2017 முதல் 'போஸ்ட்', 'ஹோஸ்ட்' என்று தொடங்கும் வரியைக் கண்டாலே ரெடிஸ் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது.

அதே ரெடிஸ் தானியக்கத்துக்கு உதவும் பக்கமும் உண்டு. 'பிங்' என்றால் 'பாங்' என்று பதில் வரவேண்டும். எச்ஏபிராக்ஸி போன்ற கருவிகள் இந்த ஒரு வரியைக் கேட்டே வழங்கி உயிரோடு இருக்கிறதா என்று முடிவு செய்கின்றன. போர்ட் திறந்திருப்பது வேறு, சேவை ஆயத்தமாக இருப்பது வேறு அல்லவா? கடவுச்சொல் எதுவும் செல்லாத இத்தகைய விசாரணைகளுக்கு வெற்றுரை மிகப் பொருத்தமானது.

யார் சுமப்பது?

பைத்தன் மொழியின் அடிப்படை நூலகத்தில் டெல்நெட்டுக்கான பகுதி நெடுங்காலம் இருந்தது. 2024 அக்டோபரில் வெளிவந்த 3.13ஆம் பதிப்பில் அது நீக்கப்பட்டது. பராமரிக்க ஆளில்லாத பழைய பகுதிகளைக் களைவதில் தவறில்லை. ஆனால் அதை நம்பியிருந்த கருவிகள், நூலகத்தைத் தமக்குள் நகலெடுத்துக்கொள்ளவோ வேறொன்றைத் தேடவோ வேண்டியதாயிற்று. மொழி கைவிடலாம், தானியக்கக் கருவி கைவிட்டால் பழைய சாதனங்கள் தாழிடப்படாமல் கிடக்கும்.

ஆதரவு தருவதிலும் முறை உண்டு. எஸ்எஸ்எச் கிடைக்கவில்லையென்றால் தானாகவே டெல்நெட்டுக்கு இறங்கும் வசதியைச் சில கருவிகள் தருகின்றன. எனக்கு இது அறவே உடன்பாடில்லை. 22ஆம் போர்ட்டை யாரேனும் இடைமறித்து அடைத்துவிட்டால், கருவி தானே முன்வந்து கடவுச்சொல்லை 23இல் ஒப்படைத்துவிடும். இந்த இடத்தில் நெட்மிக்கோவின் முறை மேல்: டெல்நெட் வேண்டுமென்றால் சாதன வகையின் பெயரிலேயே அதை வெளிப்படையாக எழுதவேண்டும். அடுத்து, கருவியின் பதிவேடு. கம்பியில் ஒட்டுக்கேட்பதைப் பற்றிக் கவலைப்பட்டுவிட்டு, அனுப்பிய கடவுச்சொல்லைப் பதிவுக் கோப்பில் எழுதிவைப்பதில் பொருளில்லை. ஆன்சிபிளில் இதை அடக்க ஒரு விருப்பத்தேர்வு உண்டு. மேலும், பழைய சுவிட்சுக்கு அருகிலேயே ஒரு கணினியை வைத்து, அதுவரை எஸ்எஸ்எச் வழியாகவும் அங்கிருந்து மட்டும் டெல்நெட் வழியாகவும் சென்றால், வெற்றுரை ஓடும் தூரம் ஒரே கேபிளாகச் சுருங்கிவிடும்.

ஒரு சுவிட்சை மாற்றுதல்

பழைய சிஸ்கோ சுவிட்ச் ஒன்றில் எஸ்எஸ்எச்சை இயக்குவதாக வைத்துக்கொள்வோம். அதன் மென்பொருள் மறைகுறியாக்கத்தை ஆதரிக்கும் பதிப்பா என்று முதலில் பார்க்கவேண்டும். பிறகு, எந்த மாற்றத்தையும் செய்வதற்கு முன்பே, 'பத்து நிமிடத்தில் மறுதொடக்கம்' என்ற கட்டளையைக் கொடுத்துவிடுவது நல்லது. இடையில் ஏதேனும் பிழைத்து நாம் வெளியே பூட்டப்பட்டாலும், பத்து நிமிடத்தில் சாதனம் சேமித்து வைத்த பழைய அமைவோடு எழுந்துவிடும். மாற்றங்களுக்குப் பிறகு இதைக் கொடுத்தால், 'அமைவு மாறியுள்ளது, சேமிக்கட்டுமா' என்று சாதனம் கேட்கும். எல்லாக் கேள்விக்கும் 'ஆம்' என்று பழக்கப்பட்ட நிரல் அங்கே தன் பாதுகாப்பைத் தானே அழித்துவிடும்.

அதன்பின் சாதனப் பெயரும் களப்பெயரும் தரப்படவேண்டும். இவை இல்லாமல் சாவி உருவாகாது. பெயரை மாற்றினால் பிராம்ப்ட் மாறும் என்பது நினைவிருக்கட்டும். சாவியை உருவாக்கும் கட்டளைக்குப் பதிலாக எத்தனை பிட் என்று சாதனம் திருப்பிக் கேட்கும். அடைப்புக்குறிக்குள் 512 என்று இயல்பான விடையும் இருக்கும். வெறும் என்டர் தட்டும் நிரல் 512ஐ ஏற்றுக்கொள்ளும். ஆனால் எஸ்எஸ்எச் இரண்டாம் பதிப்புக்குக் குறைந்தது 768 பிட் வேண்டும். 2022க்குப் பிந்தைய ஓபன்எஸ்எஸ்எச் 1024க்குக் குறைந்த சாவியை இயல்பாக ஏற்பதில்லை. ஆகவே 2048 என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டும். பழைய சுவிட்சின் செயலி அதைக் கணக்கிட நேரமெடுக்கும் என்பதால், காத்திருக்கும் எல்லையையும் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் நீட்டவேண்டும்.

பயனர் பெயரைச் சேர்த்து, எஸ்எஸ்எச் வழியாகவும் நுழைய அனுமதித்தபின், டெல்நெட் இணைப்பை மூடாமலே இன்னொரு பக்கம் எஸ்எஸ்எச் மூலம் நுழைந்து பார்க்கவேண்டும். சில நேரம் இங்கேயே தடைபடும். பழைய சுவிட்ச் அறிந்த சாவிப் பரிமாற்ற முறையை ஓபன்எஸ்எஸ்எச் 2015இலும், பழைய கையொப்ப முறையை 2021இலும் இயல்பு நிலையில் நிறுத்திவிட்டது. அந்த ஒரு சாதனத்துக்கு மட்டும் விலக்களிப்பதா, சுவிட்சையே மாற்றுவதா என்பதை அதன் உரிமையாளர்தான் முடிவு செய்யவேண்டும். விலக்களித்த பழைய எஸ்எஸ்எச்கூட டெல்நெட்டைவிட மேல் என்பேன்.

நுழைய முடிந்தால், எஸ்எஸ்எச் வழியாகவே டெல்நெட்டை அடைத்து, மீண்டும் ஒருமுறை நுழைந்து பார்த்து, மறுதொடக்கத்தை ரத்து செய்து, அமைவைச் சேமிக்கலாம். கடைசியாகக் கருவி இரண்டு கதவுகளைத் தட்டும். 23ஆம் போர்ட் திறக்கக்கூடாது. 22ஆம் போர்ட், மறைகுறியாக்கம் தொடங்கும் முன், தன் பதிப்பு எண்ணை ஒரே ஒரு வெற்றுரை வரியில் சொல்லும். அந்த வரியில் 2.0 என்று இருந்தால் சரி. 1.99 என்று இருந்தால், பழைய முதல் பதிப்பும் இன்னும் அனுமதிக்கப்படுகிறது என்று பொருள். இரண்டாம் பதிப்பை மட்டும் ஏற்கும்படி இன்னொரு கட்டளை கொடுத்து, மறுபடியும் சேமிக்கவேண்டும்.